கீழே ஓடும் வரி

செய்தி வாசிப்பவளின் கழுத்துச் சங்கிலிக்குக் கீழே,
வலமிருந்து இடமாக ஓடுகிறதே ஒரு வரி,
அதுதான் என் வேலை.

மின்தடை: கோண்டாவில், இணுவில், ஒன்பது முதல் ஐந்து.
தண்ணீர் பவுசர் வேலணைக்கு வியாழன் வரும்.
சாவகச்சேரியில் செவலைப் பசு காணவில்லை,
ஒரு கொம்பு முறிந்தது.
மாரி தொடங்கினால் நாள் தவறாமல் இதுவும்:
கடல் கொந்தளிப்பு. நெடுந்தீவுக்கு நாளை படகு இல்லை.

மூன்று வருசம் அடித்திருக்கிறேன்.
ஒருமுறை 'கொந்தளிப்'பில் புள்ளி விடுபட்டுப்போய்
பருத்தித்துறையிலிருந்து ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்
கோல் எடுத்து ஏசினார்.
இவ்வளவு கவனமாகவா பார்க்கிறார்கள் என்று
அன்றைக்கு எனக்கு நானே ரோல் வாங்கிக் கொடுத்தேன்.

ஆவணியில்
அலை அளக்கப் போகும் வானில் ஓர் இடம் இருந்தது.
பொறியியலாளர் ஜெகசோதிக்குக் குறிப்பெழுத ஆள் வேண்டும்.
பண்ணைப் பாலத்தில் எழுபத்தொன்று.
மண்கும்பானில் ஐம்பத்தெட்டு.
புங்குடுதீவில் நாற்பத்துநாலு, ஒரு பனை மறைத்தபோது நாற்பது.
குறிகட்டுவானில் வானை விட்டு
மீற்றரையும் மடிக்கும் தடியையும் படகில் ஏற்றினோம்.
நடுக்கடலில் செய்தி வாசிப்பவள்
சதுரம் சதுரமாக உடைந்தாள்.
முதலில் வாய். பிறகு தோள்.
என் வரி மட்டும் கொஞ்ச நேரம்
ஆளில்லாமல் ஓடியது.

நெடுந்தீவு மேற்கில், முருகைக்கல் மதிலுக்குப் பின்னால்,
மங்களேஸ்வரியின் கடை.
அரிசி மூட்டைக்கு மேலே ரீவி.
இராமேசுவரம் துலக்கமாக வந்தது.
"சென்னையில எந்தப் பாலத்துக்குக் கீழ தண்ணி நிக்குது எண்டு
எனக்குத் தெரியும், பிள்ளை.
உங்கட சனலில என்ன காட்டுறவை?"

மீற்றர் எட்டு என்றது.
இருபத்தெட்டுக்குக் கீழே படமில்லை என்றார் ஜெகசோதி.
நான் எட்டு என்று எழுதினேன்.

படகு ஓடாது எண்டு எப்பிடி அறியிறனீங்கள்?
"துறைக்குப் போவம். நிண்டா, ஓடாது.
போன மாரி தம்பின்ர மனிசியை நோவோட
லான்ட்மாஸ்ரரில கொண்டு போனம்,
அப்பிடியே திருப்பிக் கொண்டு வந்தம்."
ஃபோன் இல்லையா, என்றேன்.
"இருக்கு. ஆர் எடுத்துச் சொல்லுறது?"

அன்றைக்கும் அந்த வரி ஓடியிருக்கும்.
உரும்பிராயில், அச்சுவேலியில்,
படகில் கால் வைக்காத வீடுகளில்,
சோற்றுக் கோப்பைக்கு மேலே,
எழுத்துப் பிழை இல்லாமல்.

குழந்தை? என்று கேட்கப் பயந்து
கடைசியில் கேட்டேன்.
மேசைக்குக் கீழே கையைக் காட்டினா.
மீற்றரின் வயரைச் சப்பிக்கொண்டிருந்தது.

தண்ணீர்த் தாங்கியின் மேல் சின்னதாக ஒரு கருவி வைத்தால் போதும்.
அறிக்கை கொழும்புக்குப் போனது.
மூன்று மொழியில் பதில் வந்தது:
பரிசீலனையில்.

இப்போது கார்த்திகை. காற்று மாறிவிட்டது.
வரியை அடித்து, புள்ளிகளை எண்ணி, ஓடவிட்டுவிட்டு
கைபேசியை எடுக்கிறேன்.
அக்கா, நாளைக்குப் படகு இல்லை.
"பொறு, சத்தமாச் சொல்லு, கடையில சனம் நிக்குது."
நாளைக்குப் படகு இல்லை!
எடிற்றிங் அறையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
"சரி. வேற என்ன காட்டினவை?"

சொல்கிறேன்.
திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் இறங்கிவிட்டது.
வலைப்பந்தில் கரவெட்டிப் பிள்ளைகள் வென்றார்கள்,
கடைசி நிமிசத்தில், ஒரு புள்ளியால்.
செவலைப் பசு மட்டுவிலில் அகப்பட்டது.
ம், என்கிறா. ம்.

பின்னால் வந்து நின்ற ஜெகசோதி
எத்தனை காட்டுது, என்று பகிடியாகக் கேட்டார்.
கையை உயர்த்தி, பொறுங்கோ என்றேன்.
அந்தப் பக்கம் யாரோ கேட்கினம்
முறிஞ்சது எந்தக் கொம்பு எண்டு.